எச்பி-12சீ நிதிக் கணிப்பான்: மொழியும் நினைவும்
ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், நாடகம், ஓவியம் என்பனவே மனத்தில் எழுதல் வழக்கமாகிவிட்டது. அன்றாடம் கையாளப்படும் கருவிகள் இவ்வெல்லைக்குள் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஒரு கருவி பயன்படுமா, பயன்படாதா என்ற வினாவோடு அதனைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஆயினும், மனிதன் ஆக்கிய பொருள் எதுவாயினும், அதனை ஆக்கியோர் மனிதனைப் பற்றியும் அவனது தேவைகளைப் பற்றியும் கொண்டிருந்த எண்ணங்களை அது தன்னுள் தாங்கியே நிற்கிறது. கணிப்பானைப் பொறுத்தவரை இது மேலும் உண்மையாகும். சுத்தியலையோ மண்வெட்டியையோ போலன்றி, கணிப்பானிடம் மனிதன் வினா விடுக்கிறான், அது விடையளிக்கிறது. வினா விடுக்கும் முறைக்கு ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தை ஆராய்வது விமர்சனத்தின் பணிக்குப் புறம்பானதன்று.

இவ்வகையில் நோக்கத்தக்க கருவிகளுள் ஒன்று அமெரிக்காவின் ஹியூலெற்-பக்கார்ட் நிறுவனம் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட எச்பி-12சீ என்னும் நிதிக் கணிப்பானாகும். இன்று பழம்பொருள் சேகரிப்போரின் மேசைகளிலும், அதனைக் கைவிட மனமில்லாத கணக்காளர்களின் சட்டைப்பைகளிலும் ஒருங்கே காணப்படும் இக்கருவியைப் போற்றியோர் பலர். அது எளிமையானது என்பதே போற்றுவோர் பெரும்பாலோரின் வாதமாகும். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. 12சீயின் சிறப்பு எளிமையிலன்றி, பயன்படுத்துவோனிடம் அது எதிர்பார்க்கும் தெளிவிலேயே தங்கியுள்ளது. அதன் குறைபாடும் அதே இடத்திலிருந்தே தோன்றுகிறது. பயன்படுத்துவோன் மறந்துவிட்டவற்றையெல்லாம் அது மறவாது வைத்திருக்கிறது. ஆனால் வைத்திருப்பதை முழுமையாகக் காட்டுவதில்லை. எனவே இக்கருவியைப் பேணுதல் என்பது தூசி துடைத்தலோடு முடிந்துவிடும் காரியமன்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

நிதிக் கணிப்பானின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு அதற்கு முற்பட்ட நிலையை மனங்கொள்ளுதல் வேண்டும். கூட்டுவட்டிக் கணக்குகளை வங்கியாளர் நீண்டகாலமாக அச்சிட்ட அட்டவணைகளின் துணையுடனேயே செய்துவந்தனர். ஒரு குறிப்பிட்ட வட்டிவீதத்தையும் காலத்தையும் அட்டவணையில் தேடி, அங்குள்ள காரணியைத் தொகையால் பெருக்கி விடை காண்பர். அட்டவணையில் இல்லாத வீதத்துக்கு இரு வரிகளுக்கிடையே ஏறத்தாழ மதிப்பிடுவர். தெரிந்த கடனுக்கும் தெரிந்த தவணைக்கும் உரிய வட்டிவீதத்தைக் காண்பதே இக்கணக்குகளுள் மிகவும் கடினமானதாயிருந்தது. நேரடியான சூத்திரம் எதுவும் அதற்கு இல்லை. திரும்பத் திரும்ப முயன்று அண்ணளவாகவே அதனை நெருங்கமுடியும்.

ஹியூலெற்-பக்கார்ட் 1972இல் எச்பி-35 என்ற விஞ்ஞானக் கைக்கணிப்பானை 395 டொலர் விலையில் வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே, 1973இல், நிதித்துறைக்கெனத் தனியாக எச்பி-80 வெளிவந்தது. அட்டவணைப் புத்தகம் கைக்குள் அடங்கியது அப்போதேயாகும். எட்டு ஆண்டுகளின் பின் வந்த 12சீ 150 டொலருக்கு விற்கப்பட்டது. முன்னைய கணிப்பான்கள் செந்நிற ஒளியெழுத்துகளால் மின்னைப் பெருமளவு விழுங்கின. 12சீயோ திரவப் பளிங்குத் திரையைக் கொண்டமையால் மூன்று பொத்தான் மின்கலங்களுடன் ஆண்டுக்கணக்கில் இயங்கவல்லதாயிற்று. நிமிர்ந்த வடிவத்தைக் கைவிட்டு, நோட்டுப்புத்தகம் போல் குறுக்காகக் கிடக்கும் வடிவத்தை அது மேற்கொண்டது. அதன் முகத்தில் முப்பத்தொன்பது விசைகள் உள்ளன. பெரும்பாலான விசைகள் மூன்று தொழில்களைத் தாங்குகின்றன: வெண்ணிற எழுத்து இயல்பான தொழிலையும், விசைக்கு மேலுள்ள பொன்னிற எழுத்தும் விசையின் சரிவிலுள்ள நீலநிற எழுத்தும் ஏனைய இரண்டையும் குறிக்கும்.

இக்கருவியுடன் பிறந்த 10சீ, 11சீ, 15சீ, 16சீ ஆகிய உடன்பிறப்புகளின் முதல் உற்பத்தி எண்பதுகளுடன் முடிவுற்றது. 12சீ மட்டும் இடையறாது தொடர்ந்து, நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது. பட்டய நிதிப் பகுப்பாய்வாளர் பரீட்சையில் அனுமதிக்கப்பட்ட மிகச் சில கணிப்பான்களுள் அதுவும் ஒன்றாக இருந்துவருவது இந்நீடிப்புக்கு ஒரு காரணமாகும். ஆனால் பரீட்சை விதி மட்டும் ஒரு கருவியின்மேல் பற்றினை உண்டாக்குவதில்லை. அப்பற்றின் வேரை அதன் மொழியிலே தேடவேண்டும்.

2

பொதுவான கணிப்பானில் மூன்றையும் நான்கையும் கூட்டவிரும்புவோர் 'மூன்று, கூட்டல், நான்கு, சமன்' என்ற ஒழுங்கில் விசைகளை அழுத்துவர். 12சீயில் சமக்குறி விசையே கிடையாது. 'மூன்று, என்ரர், நான்கு, கூட்டல்' என்பதே அதன் ஒழுங்கு. எண்கள் முதலில் வரும்; அவற்றை என்ன செய்யவேண்டும் என்ற கட்டளை இறுதியில் வரும். இதனை மறுதலைப் போலந்துக் குறிமுறை என்பர். போலந்து நாட்டு அளவையியலாளரான யான் வூகாசேவிச் 1920களில் அடைப்புக்குறிகள் வேண்டாத ஒரு குறிமுறையை வகுத்தார். அதில் செயற்குறி முன்னே நின்றது. அதனைப் பின்னே நிறுத்தியமையால் 'மறுதலை' என்ற அடை சேர்ந்தது.

ஐரோப்பிய மொழிகளில் சிந்திப்போருக்கு இவ்வொழுங்கு தலைகீழாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தமிழருக்கோ இது அந்நியமாகத் தோன்றவேண்டிய அவசியமில்லை. 'மூன்றையும் நான்கையும் கூட்டு' என்பதே தமிழின் இயல்பான கட்டளை வாக்கியம். செயப்படுபொருள்கள் முன்னே நிற்க, வினை இறுதியில் வந்து வாக்கியத்தை முடிக்கிறது. சற்றுச் சிக்கலான கணக்கொன்றை எடுத்துக்கொண்டால் ஒற்றுமை மேலும் தெளிவாகும். மூன்றினதும் நான்கினதும் கூட்டுத்தொகையை, ஐந்தினதும் ஆறினதும் கூட்டுத்தொகையால் பெருக்கவேண்டும் என்போம். அச்சில் எழுதுகையில் இரு சோடி அடைப்புக்குறிகள் தேவைப்படும். 12சீயில் 'மூன்று, என்ரர், நான்கு, கூட்டல். ஐந்து, என்ரர், ஆறு, கூட்டல். பெருக்கல்' என அழுத்தினால் 77 என்ற விடை தோன்றும். இதனை அப்படியே தமிழாக்கினால், 'மூன்றையும் நான்கையும் கூட்டி, ஐந்தையும் ஆறையும் கூட்டி, பெருக்கு' என அமையும். முதலிரு கூட்டல்களும் வினையெச்சங்களாக நின்று பெருக்கல் என்னும் முற்றினை நோக்கிச் செல்கின்றன. வினையெச்சம் தன் பொருளை முடிக்காது ஏந்திநிற்பது போலவே, கருவியும் 7 என்ற இடைவிடையை அடுத்த வினைவரும்வரை ஏந்திநிற்கிறது.

இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் பொருந்தாது. கருவியை அமைத்த பொறியியலாளர் எந்த மொழியின் வாக்கிய அமைப்பையும் பின்பற்ற எண்ணியவரல்லர். அடைப்புக்குறிகளை நீக்கி, குறைந்த உறுப்புகளுடன் நிறைந்த கணக்கைச் செய்விப்பதே அவர்தம் குறிக்கோள். எனினும், 'இம்முறை மனித மனத்துக்கு முரணானது' என்ற பொதுக் குற்றச்சாட்டு எல்லா மொழியினருக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது. இக்குற்றச்சாட்டுக்குச் செவிசாய்த்தே 2003இல் வெளியான 12சீ பிளாற்றினம் என்ற வடிவத்தில் வழமையான ஒழுங்கும் ஒரு தெரிவாகச் சேர்க்கப்பட்டது.

குறிமுறையைப் பற்றிய உண்மையான குறைபாடு வேறொன்றாகும். கருவியினுள் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தளங்களில் அடுக்கப்படுகின்றன. அவற்றுள் கீழ்த்தளத்து எண் மட்டுமே திரையில் தெரியும். மேலேயுள்ள மூன்றும் கண்ணுக்குப் புலனாகா. பயன்படுத்துவோன் அவற்றை மனத்திலே வைத்திருக்கவேண்டும். மறைந்திருப்பவற்றை நினைவில் வைத்தல் என்ற இக்கோரிக்கை முதலில் இங்கே தோன்றுகிறது. அதுவே பின்னர் நிதிக்கணக்குகளில் பன்மடங்காகிறது.

3

12சீயின் மேல்வரிசையில் இடப்புறமாக ஐந்து விசைகள் உள்ளன. அவை முறையே தவணைகளின் எண்ணிக்கை, தவணையொன்றுக்கான வட்டிவீதம், இற்றைப் பெறுமதி, தவணைக் கொடுப்பனவு, இறுதிப் பெறுமதி என்பவற்றைக் குறிப்பன. இவற்றுள் தெரிந்தவற்றை உட்செலுத்தியபின் தெரியாத ஒன்றின் விசையை அழுத்தினால், கருவி அதனைக் கண்டு தெரிவிக்கும். கடன், சேமிப்பு, குத்தகை, ஓய்வூதியம் எனப் பெயரால் வேறுபட்டு நிற்கும் விவகாரங்கள் யாவும் இவ்வைந்தின் உறவாகவே இங்கு சுருங்குகின்றன. பத்தாயிரம் டொலர் கடன், ஆண்டுக்கு 12 வீத வட்டி, இருபத்துநான்கு மாதத் தவணை எனில், மாத வட்டி 1 வீதமாக உட்செலுத்தப்பட, மாதக் கொடுப்பனவு 470.73 டொலர் என விடை வரும்.

விடையின் முன்னே ஒரு மறைக்குறி நிற்பது இங்கு அவதானிக்கத்தக்கது. கைக்கு வரும் பணம் நேர்க்குறியும், கையைவிட்டுப் போகும் பணம் மறைக்குறியும் பெறவேண்டும் என்பது இக்கருவியின் அடிப்படை விதி. கடன் பெறுவோன் பத்தாயிரத்தை நேராகவும் தவணையை மறையாகவும் காண்பான். கடன் கொடுப்போனுக்கு அதே விவகாரம் குறிமாறித் தோன்றும். இரண்டையும் நேர்க்குறியுடன் உட்செலுத்திவிட்டு வட்டிவீதம் கேட்டால், கருவி ஐந்தாம் இலக்கப் பிழையைக் காட்டி நின்றுவிடும். ஒருவன் கடனையும் பெற்று, மாதந்தோறும் பணத்தையும் பெறுவானாயின் அதற்கு வட்டிவீதமே இருக்கமுடியாதல்லவா? புதிதாகப் பழகுவோர் பலர் இவ்விதியைத் தொல்லையாகவே கருதுவர். உண்மையில் கணக்கைத் தொடங்குமுன் 'நான் மேசையின் எப்பக்கத்தில் அமர்ந்திருக்கிறேன்?' என்ற வினாவுக்கு விடைசொல்லும்படி அது ஒவ்வொருவரையும் கட்டாயப்படுத்துகிறது. கருவியுடன் வழங்கப்பட்ட கைந்நூலும் இதனை வலியுறுத்துகிறது. காலத்தைக் குறிக்கும் ஒரு கிடைக்கோட்டை வரைந்து, வரவுகளை மேல்நோக்கிய அம்புகளாலும் செலவுகளைக் கீழ்நோக்கிய அம்புகளாலும் காட்டும் வழக்கத்தை அது கற்பிக்கிறது. விசையைத் தொடுமுன் படம் வரையச் சொல்லும் கைந்நூல் அதன் வகையில் அரியதே.

இவ்விதியின் சமூகப் பெறுமதியை ஓர் உதாரணம் தெளிவாக்கும். அமெரிக்காவில் வாகனக் கடன்கள் போன்றவற்றுக்கு நீண்டகாலம் வழங்கிய ஒரு முறையில், வட்டி முழுக்கடனின்மேல் முழுக்காலத்துக்கும் கணிக்கப்பட்டு முதலோடு சேர்க்கப்படும். பத்தாயிரம் டொலருக்கு 12 வீதப்படி ஈராண்டு வட்டி 2,400 டொலர். ஆகமொத்தம் 12,400, இருபத்துநான்கால் வகுக்க, மாதம் 516.67. கடன்காரன் காதில் விழுவது '12 வீதம்' என்ற சொல் மட்டுமே. ஆனால் முதற்றவணை செலுத்திய நாளிலிருந்தே அவன் கையிலுள்ள கடன் குறைந்துசெல்கிறது. வட்டியோ குறையாத கடனுக்கே அறவிடப்படுகிறது. இத்தொகைகளை 12சீயில் உட்செலுத்தி வட்டிவீத விசையை அழுத்தினால், திரையில் சில விநாடிகள் 'ரன்னிங்' என்ற சொல் மினுங்கி மறைந்தபின், மாதத்துக்கு 1.80 வீதம் என விடை வரும். கருவி உள்ளே வைத்திருக்கும் முழு எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 21.57 வீதமாகும். சொல்லப்பட்ட வீதத்துக்கும் உண்மை வீதத்துக்கும் இடையே ஏறத்தாழ இரட்டிப்பு வேறுபாடு உண்டு.

கடன் வழங்குவோர் ஆண்டு வட்டிவீதத்தை ஒரே சீரான முறையில் கணித்து வெளிப்படுத்தவேண்டும் என அமெரிக்கா 1968இல் சட்டமியற்றியது இத்தகைய மறைப்புகளைக் கருதியே. சட்டம் வெளிப்படுத்தும் கடமையைக் கொடுப்போன்மேல் சுமத்தியது. சட்டைப்பைக் கணிப்பான் அதனைச் சரிபார்க்கும் ஆற்றலைப் பெறுவோனுக்கும் உரியதாக்கியது. 150 டொலர் என்ற விலையும், வங்கியாளர், வீட்டுமனை முகவர் ஆகியோரையே முதன்மையாகக் கருதி எழுதப்பட்ட கைந்நூலும், இக்கருவி கொடுப்போர் பக்கத்துக்கே முதலில் போய்ச்சேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் ஐந்து விசைகளுள் எதுவும் கொடுப்போனுக்கென ஒதுக்கப்பட்டதன்று. குறியை மாற்றும் விசை ஒன்றினாலேயே மேசையின் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிவிடலாம்.

4

நுண்மையைப் பொறுத்தவரை 12சீயின் தகுதி உயர்ந்தது. கணிப்பான்களின் துல்லியத்தை ஆராய்ந்தவரும் ஹியூலெற்-பக்கார்ட் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவருமான வில்லியம் கஹான் 1983இல் ஒரு கட்டுரையில் விளையாட்டுப் போன்ற ஒரு கணக்கைத் தந்தார். விநாடிக்கு ஒரு சதம் வீதம் ஓராண்டு முழுவதும் வங்கியில் இடப்படுகிறது. ஆண்டுக்கு 10 வீத வட்டி விநாடிதோறும் கூட்டப்படுகிறது. ஆண்டிறுதியில் எவ்வளவு சேரும்? ஓராண்டில் 3,15,36,000 விநாடிகள் உள்ளன. விநாடி வட்டி மிகமிகச் சிறியது. அதனை ஒன்றுடன் கூட்டும் மாத்திரத்திலேயே பத்து இலக்கங்களுக்குள் அதன் கடைசி இலக்கங்கள் மறைந்துபோகும். அவ்வாறு இழந்தபின் பலகோடி மடங்கு பெருக்கினால் பிழையும் பெருகும். கவனமின்றி ஆக்கப்பட்ட கணிப்பான்கள் ஆயிரக்கணக்கான டொலர் வேறுபட்ட விடைகளை எவ்விதத் தயக்கமுமின்றிக் காட்டின. சரியான விடை 331,667.01 டொலர், 12சீ தருவதும் அதுவே. நடைமுறையில் எவரும் விநாடிக்கொரு சதம் இடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் எல்லைக்கணக்கிலும் தடுமாறாத கருவியின்மீதே அன்றாடக் கணக்கில் ஐயமின்றி நம்பிக்கை வைக்கமுடியும்.

இவ்வளவு நுண்மையுடைய கருவி ஓரிடத்தில் மட்டும் பயன்படுத்துவோனைக் கேளாமலே விடையை மாற்றுகிறது. பத்தாயிரம் டொலர் கடனை மாதம் 1 வீத வட்டியில், மாதம் 500 டொலராகச் செலுத்தினால் எத்தனை மாதத்தில் தீரும்? சூத்திரப்படி 22.43 மாதம். 12சீயோ 23 என்று மட்டுமே கூறும். தவணையை நாலில் ஒரு பங்கு, அரைப்பங்கு எனச் செலுத்தும் வழக்கம் இல்லாமையால் எண்ணிக்கையை அது மேலுள்ள முழுவெண்ணுக்கு உயர்த்திவிடுகிறது. அதன்பின் இறுதிப் பெறுமதியைக் கேட்டால் நேர்க்குறியுடன் 286.52 என்ற தொகை வரும். இருபத்துமூன்று தவணைகளையும் முழுதாகச் செலுத்துவோன் அத்தொகையைத் திரும்பப் பெறவேண்டியவன் என்பதே அக்குறியின் பொருள். ஆகவே கடைசித் தவணை 213.48 மட்டுமே. வங்கி மேசையில் இது பொருத்தமான விடை. ஆனால் பின்னத்தை வேண்டி நிற்கும் மாணவனுக்கு அது தவறான விடை. கைந்நூலைப் படியாதவன் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ளமாட்டான். தான் உயர்த்தியதற்கான அறிகுறி எதனையும் கருவி திரையில் காட்டாமை ஒரு குறையென்றே கொள்ளவேண்டும்.

5

இனி இக்கட்டுரையின் மையப் பிரச்சினைக்கு வரலாம். எச்பி-25சீ என்ற கணிப்பான் 1976இல் வெளிவந்தபோது, அதன் பெயரின் இறுதியிலுள்ள 'சீ' என்ற எழுத்து தொடர்நினைவு என்ற பண்பைக் குறித்தது. மின்விசையை நிறுத்தியபின்னும் உள்ளிட்டவை அழியாதிருத்தலே அப்பண்பு. அம்மரபில் வந்த 12சீயும் தான் பெற்ற எண்களையும், எழுதப்பட்ட செய்நிரலையும், தெரிவுசெய்யப்பட்ட முறைமைகளையும் அணைத்தபின்னும் வைத்திருக்கிறது. அக்காலத்தில் இது பெரும் முன்னேற்றமாகும். தொண்ணூற்றொன்பது வரிவரையிலான செய்நிரலை ஒருமுறை எழுதிவிட்டால் மீண்டும் எழுதவேண்டியதில்லை.

ஆனால் நினைவு என்பது நன்மை மாத்திரமன்று. இருபத்துநான்கு மாதத் தவணைக் கணக்கை மீண்டும் எடுத்துக்கொள்வோம். முன்னொருவர் செய்த குத்தகைக் கணக்கில் 2,000 டொலர் இறுதிப் பெறுமதி மறைக்குறியுடன் எஞ்சியிருக்கிறது. புதிய கணக்கைச் செய்பவர் தவணை எண்ணிக்கை, வட்டி, கடன் ஆகிய மூன்றையும் சரியாகவே உட்செலுத்துகிறார். இறுதிப் பெறுமதி தமக்குத் தேவையற்றது என்பதால் அதனைத் தொடவில்லை. 470.73 வரவேண்டிய இடத்தில் 396.59 வருகிறது. ஒவ்வொரு விசையும் சரியாக அழுத்தப்பட்டும் விடை பிழை. திரையைத் துடைக்கும் விசையை அழுத்துவதனால் இதனைத் தவிர்க்கமுடியாது. அது திரையிலுள்ள எண்ணை மட்டுமே நீக்கும். ஐந்து நிதிப் பதிவிடங்களையும் வெறுமையாக்குவதற்குப் பொன்னிற விசையுடன் கூடிய தனிக் கட்டளை உண்டு. அதனை ஒவ்வொரு கணக்கின் தொடக்கத்திலும் வழங்குவதே அனுபவம் வாய்ந்தோர் வழக்கம்.

அவ்வழக்கமும் போதாது. தவணை மாத இறுதியிலா தொடக்கத்திலா செலுத்தப்படுகிறது என்பதையும் கருவி ஒரு முறைமையாக நினைவில் வைத்திருக்கிறது. குத்தகைப் பணம் பெரும்பாலும் தொடக்கத்திலும், கடன்தவணை பெரும்பாலும் இறுதியிலும் செலுத்தப்படும். தொடக்கமுறை நின்றுவிட்டால், அதே கடனுக்கு 466.07 எனக் கருவி கூறும். வேறுபாடு மாதத்துக்கு 4.66 டொலர், ஈராண்டில் ஏறத்தாழ 112 டொலர். முன்னைய பிழை விடையைப் பெருமளவு திரித்தமையால் கண்ணில் படக்கூடும். இப்பிழையோ உண்மைக்கு மிக அருகில் நிற்பதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. நிதிப் பதிவிடங்களைத் துடைக்கும் கட்டளை இம்முறைமையைத் தீண்டாது. கருவியை அணைத்தாலும் அது மாறாது. திரையின் அடியில் சிற்றெழுத்துகளில் நிற்கும் 'பிகின்' என்ற சொல் ஒன்றே எச்சரிக்கை. அச்சொல்லைப் படியாமல் எண்ணை மட்டும் படிப்போன் கருவியிடம் ஒரு வினாவைக் கேட்டு வேறொரு வினாவுக்கான விடையைப் பெறுகிறான்.

கருவியைப் போற்றுவோர் இதனைப் பயன்படுத்துவோனின் கவனக்குறைவு என்று கூறித் தள்ளிவிடுவர். அது முழு நியாயமன்று. குறியைத் தவறவிட்டவனை ஐந்தாம் பிழையைக் காட்டித் தடுத்து நிறுத்தும் கருவி, பழைய எண்ணை விட்டுவைத்தவனைத் தடுக்காது விடுகிறது. முரண்பாட்டை அது அறியும்; பொருத்தமின்மையை அறியாது. அந்த எல்லையை ஆக்கியோர் திரையில் மேலும் தெளிவாக வெளிப்படுத்தியிருக்கலாம். அதே வேளை, பழைய முறைமையை வைத்திருத்தலை முற்றாக நீக்கியிருந்தால் நாள்முழுதும் குத்தகைக் கணக்கே செய்வோன் ஒவ்வொரு முறையும் அதனைக் கேட்டுக்கொண்டிருக்க நேரும். ஒருவனுக்கு வசதியாயிருக்கும் நினைவு அடுத்தவனுக்குப் பொறியாகிறது. கருவி ஒருவர் கையிலேயே இருக்கும் என்ற எடுகோளே இவ்வமைப்பின் அடியில் உள்ளது. பழைய கருவிகள் கைமாறும் இக்காலத்தில் அவ்வெடுகோள் பொருந்துவதில்லை.

6

இந்நிலையில் பேணுதல் என்ற சொல்லின் பொருள் விரிவடைகிறது. புறப்பேணல் முதலாவது. தொடக்ககாலக் கருவிகளின் பெரும்பகை மின்கலக் கசிவாகும். கார மின்கலங்கள் தீர்ந்தபின் உள்ளே விடப்பட்டால் கசிந்து உலோகத் தொடுகைகளை அரிக்கின்றன. வெள்ளி ஒட்சைட்டு மின்கலங்கள் விலை கூடியனவாயினும் கசிவு குறைந்தவை. மின்னழுத்தத்தையும் சீராகக் காப்பவை. கசிவு உலர்ந்து வெண்பொடியாகப் படிந்திருப்பின், பஞ்சுமுனையில் சிறிதளவு வினாகிரி தொட்டுத் துடைத்தால் காரம் தணியும். பின்னர் அற்ககோல் கொண்டு துடைத்து உலரவிடவேண்டும். திரையின் இடது கீழ்மூலையில் ஓர் உடுக்குறி மினுங்கத் தொடங்கினால் மின்கலம் தீரும் தறுவாயில் உள்ளது எனக் கொள்க. கருவியை அணைத்துவிட்டு மூன்றையும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். மின்கலங்கள் வெளியே இருக்கும்போது எந்த விசையையும் தொடலாகாது. தொட்டால் நினைவு அழியக்கூடும். செய்நிரல்களை முன்னரே தாளில் எழுதிவைத்தல் நன்று. எழுத்துகள் தேய்ந்துவிடும் என அஞ்சவேண்டியதில்லை. விசைகளின் முதன்மை எழுத்துகள் மேற்பூச்சாக அன்றி, இருநிறப் பிளாத்திக்கால் வார்க்கப்பட்டவை. கருவியைத் திறக்க நேரின், திருகாணிகள் அடிப்புறத்து இறப்பர்ப் பாதங்களின்கீழ் மறைந்துள்ளன என்பதை அறிந்திருத்தல் போதும்.

அகப்பேணல் அடுத்தது. கருவி தன்னைத்தானே சோதிக்கும் வழிகளைக் கொண்டுள்ளது. மின்விசையையும் பெருக்கல் விசையையும் உரியவாறு சேர்த்து அழுத்தினால், சிறிது நேரத்தில் திரை முழுவதும் எட்டுகளும், வழமையாக மறைந்திருக்கும் அடையாளச் சொற்களும் ஒருங்கே தோன்றும். வகுத்தல் விசையுடன் சேர்த்து அழுத்தினால் விசைச்சோதனை தொடங்கும். ஒவ்வொரு விசையையும் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அழுத்திச்செல்லல் வேண்டும். இரண்டு வரிசைகளை அடைத்துநிற்கும் என்ரர் விசை இருமுறை அழுத்தப்படவேண்டும். யாவும் சரியெனில் இறுதியில் 12 என்ற எண் தோன்றும். கழித்தல் விசையுடன் சேர்த்து அழுத்தினால் நினைவு முழுவதும் அழியும். பிறர் கையிலிருந்து வந்த கருவியில் முதலிற் செய்யவேண்டியது இதுவே. ஏனெனில் அழுக்கைத் துடைத்தபின்னும், முன்னையவரின் எண்களும் முறைமைகளும் உள்ளே குடியிருக்கலாம்.

இறுதியாக, அறிந்த விடையுள்ள ஒரு கணக்கைச் செய்துபார்த்தல் உண்டு. பத்தாயிரம், 1 வீதம், இருபத்துநான்கு: 470.73 வருகிறதா? வந்தால் கருவியும் பயன்படுத்துவோனும் ஒரே முறைமையில் நிற்கின்றனர் என்பது உறுதி. ஒரு நிமிடத்தில் முடியும் இச்சோதனை, மேலே கூறிய இரு பிழைகளையும் ஒருங்கே வெளிப்படுத்திவிடும்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, எச்பி-12சீயின் இடம் ஒருவாறு தெளிவாகிறது. அதன் மொழி கட்டுப்பாடானது. கற்றுக்கொள்வோனுக்கு இடைவிடைகளைக் காட்டிக் கூடவே அழைத்துச்செல்வது. அதன் குறிவிதி பணத்தின் திசையைச் சொல்லாமல் கணக்கைத் தொடங்கவிடாதது. அதன் எண்கணிதம் நம்பத்தக்கது. அதன் நினைவோ பாதி ஒளிவில் நிற்பது; இதுவே அதன் பெருங்குறை. தவணை எண்ணிக்கையை அறிவிப்பின்றி உயர்த்துதல் இக்குறையின் மற்றொரு முகமாகும்.

இவ்வாறான மதிப்பீடு பழங்கருவி ஒன்றைப் பற்றிய ஆர்வத்தோடு நின்றுவிடுவதன்று. இன்று வட்டிக்கணக்குகளைப் பெரிய கணினிகள் செய்கின்றன. கடன் பெறுவோன் கையில் கிடைப்பது அச்சிடப்பட்ட தவணை அட்டவணை மாத்திரமே. எந்த முறைமையில், எந்த எடுகோளில் அது கணிக்கப்பட்டது என்பதை அவன் காண்பதில்லை. 12சீயில் 'பிகின்' என்ற சொல்லாவது திரையில் நின்றது. மறைந்திருப்பவற்றைத் தேடிக்காண ஒரு வழியாவது இருந்தது. ஐந்து அளவுகளுள் நான்கைத் தெரிந்துகொண்டு ஐந்தாவதைத் தானே கேட்டறிந்தவன், சொல்லப்பட்ட 12 வீதம் 21.57 ஆக இருப்பதைக் கண்டுகொண்டான். அக்கேள்வியைக் கேட்கும் பழக்கத்தைக் கற்பித்தமைக்காகவே இக்கருவி ஆராயப்படவும் பேணப்படவும் தக்கது. அதனைப் பேணுவோர் மின்கலத்தோடு அப்பழக்கத்தையும் சேர்த்தே பேணவேண்டியவராவர்.